அறுவை முடிந்தும் அகலாத முதுகுவலி: மறுபடியும் கத்தி வைக்கலாமா?

1. வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். முதுகெலும்பின் அடியில் எல்5-எஸ்1 என்று சொல்லும் இடத்தில், எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி வலக்கால் நரம்பை அழுத்தியதால், 14 மாதங்களுக்கு முன்பு அந்தத் துண்டை எடுத்துவிடும் அறுவையைச் செய்துகொண்டேன். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, ஆறு மாதமாகப் பிட்டத்திலிருந்து குதிகால் வரை சுண்டி இழுத்துக்கொண்டிருந்த வலி இல்லை. கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பத்து வாரம் அப்படியே போயிற்று.

பள்ளி திறந்து நின்றபடி பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு, தையல் போட்ட இடத்தைச் சுற்றி ஒரு பாரமாகத் தொடங்கிய வலி, இப்போது தினமும் மாலை மூன்று மணிக்கு மேல் என்னை மேசையைப் பிடித்துக்கொள்ள வைக்கிறது. வலது பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் எரிகின்றன. இரவில் போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை.

மறுபடி எடுத்த எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டு, அழுத்தம் எதுவும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று அறுவை செய்த மருத்துவர் சொன்னார். வேறொருவரிடம் கேட்கலாம் என்று போன இடத்தில், ஸ்க்ரூவும் ராடும் போட்டு எலும்பை இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கோப்பில் 'ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளாக விடைத்தாள்களில் நான் எழுதிவந்த சொல்லை என் முதுகுக்கு எழுதிவிட்டார்களே என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவ்வளவு பணம் கட்டி ஆபரேஷன் செய்த பிறகும் எப்படி வலிக்கும் என்று மாமியார் கேட்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கும் அதே கேள்விதான். படம் சுத்தமாக இருக்கும்போது வலி எங்கிருந்து வருகிறது? இரண்டாம் அறுவைக்கு ஒப்புக்கொண்டவர்களும் மறுத்தவர்களும் இங்கே இருந்தால், என்ன யோசித்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

2. கடைசி இருக்கை

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். 2014இல் முதல் அறுவை, 2017இல் ஸ்க்ரூ வைத்த இரண்டாவது அறுவை என்று இரண்டையும் பார்த்துவிட்டேன். ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பதில் சொல்லும் ஆள் நான் இல்லை.

முதல் அறுவைக்குப் பிறகு எனக்கு வந்த தொல்லை உங்களுடையது போன்றதன்று. இருநூறு அடி நடந்தால் இரண்டு காலும் கல்லாகிவிடும். எங்காவது திண்ணையில் குந்தி முன்னால் குனிந்தால் விட்டுவிடும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் என் நாலாவது எலும்பு ஐந்தாவதன் மேல் முன்னும் பின்னும் வழுக்குவது கண்ணாலேயே தெரிந்தது. வழுக்குகிற எலும்பைப் பூட்டத்தான் ஸ்க்ரூ என்று மருத்துவர் படத்தை வைத்து விளக்கினார். பூட்டினார்கள், நடை திரும்பியது. ஐந்து ஆண்டு கழித்து, பூட்டிய இடத்துக்கு மேலே உள்ள மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது. கீழே அசைவு நின்றுபோனதால் மேலே உள்ளது கூடுதல் சுமையை வாங்குகிறது என்கிறார்கள். அதற்காக நான் வருந்தவில்லை. அன்று பூட்டாமல் இருந்திருந்தால் என் மகள் திருமணத்தில் நின்று தாரை வார்த்திருக்க முடியாது.

ஆகவே ஸ்க்ரூ சொன்னவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என் எலும்பில் எது வழுக்குகிறது, எந்தப் படத்தில் அது தெரிகிறது? அவர் படத்தைக் காட்டி விளக்கினால் யோசியுங்கள். வலி இருக்கிறது, அதனால் போடலாம் என்பது மட்டும் பதிலாக இருந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

3. தறிச்சத்தம்

குமாரபாளையத்தில் பதினாறு தறி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் முதுகுவலி இல்லாத தறிக்காரரைக் காட்டுவது கடினம். என் அண்ணன் நல்லாக இருந்தவர். முதுகைத் திறந்த பிறகுதான் படுக்கையில் விழுந்தார். முதுகில் கத்தி வைத்தால் முடிந்தது கதை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை என்பதே என் கருத்து. படம் சுத்தம், வலி மட்டும் இருக்கிறது என்று சொல்கிற மருத்துவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறதல்லவா? எங்கள் வட்டாரத்தில் ஒரு வைத்தியர் தொக்கணம் என்ற நீவுமுறை செய்து எலும்பைத் தட்டிச் சரி செய்கிறார். பத்தே நாளில் எழுந்து நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆசிரியை விரும்பினால் அவருடைய எண்ணைத் தருகிறேன்.

4. நெறியாளர்

தனிப்பட்ட வைத்தியர்கள், மருத்துவமனைகள் ஆகியோரின் தொலைபேசி எண்களை இங்கே பகிர வேண்டாம். கருத்து தாராளமாக இருக்கட்டும்.

5. இயன்முறை

நான் 18 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சையாளராக இருக்கிறேன். தண்டுவட அறுவை முடிந்தவர்களையே பெரும்பாலும் பார்க்கிறேன். இணையத்தில் யாருடைய முதுகையும் கண்டறிந்துவிட முடியாது என்பதால், கேள்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பிதுங்கிய ஜவ்வை எடுத்தால் காலுக்கு இறங்கும் வலி தீரும் என்பதை 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிக் காட்டினார்கள். அன்று முதல் இன்றுவரை இந்த அறுவை நன்றாகத் தீர்ப்பது கால்வலியைத்தான். முதுகுவலியைத் தீர்ப்பதாக அது ஒருபோதும் உறுதியாக வாக்குக் கொடுத்ததில்லை. இதை முன்கூட்டியே யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால், நோயாளிகள் பாதிப் பேருக்கு 'ஏமாற்றப்பட்டேன்' என்ற எண்ணம் வந்திருக்காது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். ஆசிரியை அவர்கள் கண் விழித்தபோது கால்வலி போயிருந்தது. அந்த அறுவை தன் வேலையைச் செய்துவிட்டது. இப்போது இருப்பவை வேறு இரண்டு வலிகள். அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கால்வலி ஒரு நாள்கூட விடாமல் தொடர்ந்திருந்தால், அழுத்தம் முழுதாக நீங்கவில்லையா, வேறு இடத்தில் திறந்துவிட்டார்களா, நரம்பே முன்பே சேதமாகிவிட்டதா என்று தேட வேண்டும். சில வாரம் நன்றாக இருந்துவிட்டுக் கால்வலி திடீரென்று வந்தால், அதே ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்கலாம். அது நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு நேர்வதுதான். மெல்ல மெல்ல ஏறி வந்தால், ஆறிய இடத்தில் உருவாகும் தழும்புத் திசு நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறியக் கையில் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும்: தழும்பு அந்த மருந்தை உறிஞ்சி வெள்ளையாக ஒளிரும், ஜவ்வுத் துண்டு ஒளிராது. மருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். எந்த வகைப் படம் எடுத்தார்கள் என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதுகுவலி வேறு கதை. அறுவையின்போது முதுகெலும்பை ஒட்டிய தசைகளை ஒதுக்கித்தான் உள்ளே போகிறார்கள். அவை பிறகு தாமாகப் பழைய வலுவுக்குத் திரும்புவதில்லை, வேலை கொடுத்துத் திருப்ப வேண்டும். இடுப்பெலும்பின் பின்மூட்டு, எலும்பை இணைத்த பிறகு தேயும் மேல்மூட்டு என வேறு காரணங்களும் உண்டு. படத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. வலியில்லாதவர் படத்தில் கோளாறு தெரிகிறது என்றால், வலியுள்ளவர் படம் சுத்தமாக இருப்பதில் என்ன வியப்பு?

உங்களை வருத்திய அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யார் தோற்றார்கள் என்று சொல்லாத அந்தப் பெயர் மருத்துவர்கள் பலருக்கே பிடிக்கவில்லை. 2021இல் 'நீடித்த தண்டுவட வலி நோய்க்குறி' என்ற பெயரை முன்வைத்தார்கள். அறுவைக்குப் பின் இருப்பது அதில் இரண்டாம் வகை.

தறிக்கார நண்பருக்கு: தழும்பு ஆறிய பிறகு எண்ணெய் தடவி இதமாக நீவிவிடுவதை நான் தடுப்பதில்லை. தட்டுவது, முறுக்குவது, முதுகில் ஏறி மிதிப்பது, 'சொடக்கு' எடுப்பது இவை எதுவும் அறுவை செய்த முதுகில் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கடைசியாக, மலம், சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப் போவது, சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுவது ஆகியவற்றில் எது வந்தாலும் இழையில் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு இரவெல்லாம் குறையாத வலி வந்தால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

6. மருந்துச்சீட்டு

மருந்தாளுநராக எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன். முதுகுவலி என்று கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பழைய சீட்டை நீட்டி அசிக்ளோஃபினாக் அல்லது டைக்ளோஃபினாக் கேட்கிறார்கள். எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர், தொட்டாலே கூசுவது ஆகியவை நரம்பிலிருந்து வரும் வலிகள். அவற்றுக்கு இந்த மாத்திரைகள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் மிஞ்சும்.

நரம்பு வலிக்கு இங்கே பெரும்பாலும் எழுதப்படுவது பிரிகாபலின், அதிலும் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் சேர்ந்த மாத்திரை. தூக்கம், தலைசுற்றல், கால்வீக்கம், எடை கூடுதல் ஆகியவை வரக்கூடும். முதல் வாரம் இருசக்கர வண்டியை எடுக்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இது எல்லோருக்கும் வேலை செய்யும் மருந்தன்று. ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா எனப்படும், காலுக்கு இறங்கும் நரம்பு வலி உள்ள 209 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரையைவிட இது மேலாக இருக்கவில்லை. ஆகவே ஓரிரு மாதம் பார்த்துப் பலனில்லை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் வியர்வையும் வந்து அதையும் முதுகின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அமிட்ரிப்டிலின், டுலோக்சிட்டின் போன்றவற்றை எழுதிக் கொடுத்தால், இது மனநோய் மாத்திரையாயிற்றே என்று பதற வேண்டாம். நரம்பு வலிக்கும் அவற்றைத் தருகிறார்கள். அவற்றோடு டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரையைச் சேர்ப்பது ஆபத்து. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், சீட்டு இல்லாமல் கேட்டு நாங்கள் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

7. பனிப்பாதை

ஆசிரியை அக்காவுக்கு டொராண்டோவிலிருந்து வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். நீங்கள் இடுப்பு என்று சொல்லும் இடத்தை நாங்கள் நாரி என்போம். இந்த ஊர் வைத்தியருக்கு நாரி நோவை விளங்கப்படுத்த எனக்கு முதல் இரண்டு வருடமும் போய்விட்டது. முதுகு நோவா, இடுப்பு நோவா என்று அவர் கேட்க, இரண்டும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரண்டு சத்திரசிகிச்சைகள் நடந்தன. இரண்டாவது, தழும்பை நீக்குவதற்காகவே செய்யப்பட்டது. தழும்பை வெட்டினால் அந்த இடத்தில் மறுபடியும் தழும்பு வரும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூன்றாவதாகத் தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவியைப் பற்றிச் சொன்னார்கள். இது புதிய விஷயம் அன்று. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நோவு செல்லும் பாதையில் ஒரு கதவு இருக்கிறது, தொடு உணர்வு அதைச் சாத்தும் என்று எழுதினார்கள், அதை வைத்து 1967இல் ஷீலி என்ற அமெரிக்க வைத்தியர் முதற்கருவியைப் பொருத்தினார். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுகிறோமே, அதே கணக்கு.

இதில் நல்லது என்னவென்றால் முதலில் சோதித்துப் பார்க்கலாம். கம்பியை மட்டும் உள்ளே வைத்து, மின்கலத்தை இடுப்புப் பட்டியில் கட்டிக்கொண்டு ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், வீட்டில் இருந்தேன். நோவு பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். எனக்குக் கால் எரிவு பாதிக்கு மேல் குறைந்தது. நாரி நோ கொஞ்சமும் அசையவில்லை. யோசித்துத்தான் வைத்துக்கொண்டேன். ஆய்வுகளும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை: 100 பேரை வைத்து 2007இல் வந்த ஆய்வில், ஆறு மாத முடிவில் கருவி வைத்தவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் கால் நோவு பாதியாவது குறைந்தது; 50 பேரை வைத்து நோர்வேயில் நடத்தி 2022இல் வந்த ஆய்விலோ, கருவியை இயக்கினாலும் நிறுத்தினாலும் வேறுபாடு தெரியவில்லை. இந்தியாவில் இதற்குப் பல லட்சம் ஆகும் என்று அறிகிறேன். ஆகவே உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் வேறு படிகள் உண்டு என்று சொல்லவே எழுதினேன்.

8. வைகைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஓட்டுநர் ஐயா சொன்னபடியே கேட்டேன். ஸ்க்ரூ சொன்ன இடத்தில், குனிந்து நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்ரே இதுவரை எடுக்கவே இல்லை என்று தெரிந்தது. எடுத்துப் பார்த்ததில் எதுவும் வழுக்கவில்லை. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ.யும் மருந்து ஏற்றாததுதான். இப்போது ஏற்றி எடுத்ததில், அந்த இடத்திலிருந்து காலுக்கு இறங்கும் எஸ்1 நரம்பின் வேரைச் சுற்றி ஒரு வெள்ளை உறை போலத் தழும்பு இருக்கிறது, புதிய பிதுக்கம் இல்லை. அறுவை செய்த மருத்துவர் இந்த முறை படத்தைத் திரையில் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். இதற்காக மறுபடி திறப்பதில் பலனில்லை, நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஊசி ஒன்று போட்டுப் பார்க்கலாம், பலன் சில வாரமோ சில மாதமோ இருக்கும் என்றார். எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி ஊசியில் கிடைக்கவில்லை. அந்த வெள்ளை உறையைக் கண்ணால் பார்த்ததில்தான் கிடைத்தது.

ஆனால் மருத்துவர் போகிறபோக்கில் இன்னொன்று சொன்னார்: தழும்பு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் வலிப்பதில்லை, உங்கள் நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாகக் கேட்கப் பழகிவிட்டது என்றார். இதைத்தான் என் மாமியார் 'மனசுதான் காரணம்' என்கிறாரோ?

9. தறிச்சத்தம்

மேலே இயன்முறை அவர்கள் எழுதியதைப் படித்து முதலில் கோபம் வந்தது. அண்ணனின் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அறுவைக்கு முன்பே அவருக்குப் பாதம் தொங்கிவிட்டிருந்தது, நாங்கள் எட்டு மாதம் எண்ணெய்க்கட்டிலேயே கழித்திருக்கிறோம். அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

ஆசிரியை கேட்டதற்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மின்சாரம் நின்று பதினாறு தறியும் ஓய்ந்த பிறகு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாலும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். சில நாள் தூங்கப் போகும் வரை ஓடும். தறி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்காகச் சத்தம் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

10. இயன்முறை

இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் காட்டியதும் ஏறத்தாழ இதுதான்: காயத்திலிருந்து தொடர்ந்து செய்தி வந்துகொண்டே இருந்தால், தண்டுவடத்தில் உள்ள நரம்பணுக்கள் மெல்லிய தொடுதலையும் வலியாகக் கடத்தப் பழகிவிடுகின்றன. போர்வை பட்டால் எரிவது அதனால்தான். அது தண்டுவடத்தில் நடப்பது; நோயாளியின் கற்பனை இல்லை. அந்தப் பழக்கத்தைக் குறைக்கவும் முடியும், கொஞ்சம் நாளாகும்.

வழி எளியது, ஆனால் ஆசிரியர்களுக்குக் கடினம். நல்ல நாள் வந்தால் வீட்டையே புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்வது, மறுநாள் வட்டியும் முதலுமாகக் கட்டிவிட்டு மூன்று நாள் படுப்பது என்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதை உடைக்க வேண்டும். மோசமான நாளில் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறதோ அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, அதையே நல்ல நாளிலும் நடங்கள். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும் கூட்டுங்கள். வலி வந்ததும் நிறுத்துவதற்குப் பதிலாகக் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கால்களை வெளியே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். ஒருக்களித்துத் தூங்கும்போது முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை இருக்கட்டும். இடுப்புப் பெல்ட்டைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பிவிடும். தமிழ்நாட்டில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் யாராவது இதைப் படித்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

11. பின்னிருக்கை

நான் நோயாளி இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகள். ஒரு வேண்டுகோள் மட்டும். 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று நாங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் அப்பா தன் முதுகைத் தேடிப்போய் வலியைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். இப்போது அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, 'கடைத்தெரு வரை வருகிறீர்களா?' என்று மட்டும் கேட்கிறோம். சில நாள் வருகிறார், சில நாள் மாட்டேன் என்கிறார். ஒரு காலத்தில் அவர் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்போது மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போனோம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

12. கடைசி இருக்கை

ஒரு எச்சரிக்கை. மரத்துப்போன பாதத்துக்கு ஒத்தடம் கொடுக்கும்போது சூட்டை அந்தப் பாதத்தால் அளக்காதீர்கள். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து நானே வைத்துக்கொண்டேன். இதமாக இருக்கிறது என்று நினைத்த இடத்தில் மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். சர்க்கரையும் இருந்ததால் ஆற ஏழு வாரம் ஆயிற்று. முதலில் முன்கையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

13. வைகைக்கரை

ஐந்து மாதம் ஆகிவிட்டது. கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டாம் அறுவை செய்துகொள்ளவில்லை. ஊசி ஒரு முறை போட்டேன். ஒன்பது வாரம் நன்றாகவே இருந்தது, பிறகு பாதி எரிச்சல் திரும்பிவிட்டது. அந்த ஒன்பது வாரத்தைப் பயன்படுத்தி நடையையும் உடற்பயிற்சியையும் பிடித்துக்கொண்டேன். ஆறு நிமிடத்தில் தொடங்கிய நடை இப்போது 22 நிமிடம். முதல் மாதம், நல்ல நாளிலும் ஆறே நிமிடத்தில் திரும்பி வருவது அவமானமாக இருந்தது. தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் கண்ணுக்குத் தெரியும், போகாமல் திரும்புவேன். பிரிகாபலின் எனக்குத் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் தரவில்லை. மருத்துவரிடம் சொல்லி மூன்று வாரத்தில் குறைத்து நிறுத்தினோம். இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் மட்டும் போகிறது. வாய் உலர்கிறது, ஆனால் போர்வை இப்போது போர்வையாக இருக்கிறது.

முதுகுவலி போகவில்லை. மாலை மூன்று மணிக்கு வந்தது நாலரைக்கு வருகிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு என் வகுப்புகளை அடுத்தடுத்து இல்லாமல் மாற்றிக்கொண்டேன். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன், அங்கே மாணவிகள் வந்து எழுதுகிறார்கள், அதனால் அவர்களுக்கும் நல்லதுதான். விடைத்தாள்களை எட்டு எட்டாகப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். எட்டு முடிந்ததும் எழுந்து அடுக்களை வரை போய் வர வேண்டும் என்பது விதி. அடுப்படியில் ஒரு காலைச் சிறு மணையில் ஏற்றி வைத்து நின்றால் தோசை ஊற்றி முடிக்கும் வரை தாங்குகிறது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, மாமியார் நிற்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார்; வெள்ளை உறை தெரிகிற படத்தை அவரிடம் காட்டியதுதான் காரணமா என்று தெரியவில்லை.

ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த மாதம் விடைத்தாள் திருத்தும் பணி இன்னொரு ஊரில் வருகிறது. ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம், போக வர. விலக்குக் கேட்டால் கிடைக்கும், ஆனால் போக வேண்டும் போலிருக்கிறது. ஐயா, எப்படிப் போவது?

14. கடைசி இருக்கை

போய் வாருங்கள், டீச்சரம்மா. என் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கடைசி இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இடம் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஓரடி தூக்கிப் போடும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், வாசலிலிருந்து மூன்று நான்கு வரிசை தள்ளி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் பின்வளைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரடிப் பேருந்து வேண்டாம், பாதி வழியில் நிற்கிற வண்டியில் ஏறுங்கள். அங்கே இறங்கி இரண்டு நிமிடம் நின்றுவிட்டு ஏறலாம், நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் காத்திருப்பார். முதல் நாள் முந்தின மாலையே போய்த் தங்கிவிட முடியுமா என்றும் பாருங்கள். திரும்பி வந்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.